வளைவின் உள்பக்கம்

ஒட்டுசுட்டான் தாண்டி, தேக்கங்காட்டுக்கு முன்
வீதி தன்னை இடப்பக்கம் மடக்கிக்கொள்ளும் இடத்தில்
அளவு நாடாவின் ஒரு நுனியைச்
செருப்பால் மிதித்துக்கொண்டு நிற்கிறான் கஜீபன்.

இருபது மீற்றர் நாண்.
நடுவில் தார் விளிம்பு ஐம்பது சென்ரிமீற்றர் விலகி நிற்கிறது.
எட்டாம் வகுப்பில் நாண், வில் என்று படிப்பித்தபோது
அம்பு எங்கே ரீச்சர் என்று கேட்டுப் பிரம்பால் வாங்கினேன்.
இப்போது தெரியும்:
அம்புகள் மணல் ஏற்றிக்கொண்டு வரும்.

ஆரை நூறு மீற்றர்.
மையத்தை வரைபடத்தில் குத்திப் பார்த்தேன்.
மதிலுக்கு அப்பால், நேசமலரின் கிணற்றடி.
முல்லைத்தீவு பஸ்கள் எல்லாம்
அவவின் கிணற்றைக் கால்வட்டம் சுற்றித்தான் போகின்றன.
அவவுக்கு அது தெரியாது.

ஜீப்பின் முகப்பில் குண்டுமானி,
வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கறுப்புக் குண்டு.
நாற்பதில் சோம்பலாய் ஐந்து பாகை.
ஐம்பதில் பத்து.
அறுபதில் பதினைந்து,
கஜீபனின் பிளேன்ரீ என் சப்பாத்தில்.
ஆகவே வளைவு ஐம்பதைத் தாங்கும்.
ரயர் சொன்ன கணக்கு அது.
கண்ணிடம் இன்னும் கேட்கவில்லை.

சாரதியின் கண் உயரத்துக்குக் குந்தினேன்.
எதிரே கஜீபன் ஒரு மரக்குற்றியை
வளைவோடு தள்ளிக்கொண்டே போனான்.
வீதியில் கிடக்கும் பொருளின் உயரம்
கைநூலின்படி இருபது சென்ரிமீற்றர்.
என்ன பொருள் என்று கைநூல் சொல்வதில்லை.
இந்த வீதியில் ஒரு காலம்
அந்த உயரத்தில் என்ன கிடந்தது என்று
நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை.

"காணுதோ?"
"காணுது."
"இப்ப?"
"காணுது."
"இப்ப?"
நாற்பத்தொன்பதாம் மீற்றரில்
மதிலும் அதன் முன்னால் நின்ற செவ்வரத்தையும்
குற்றியை விழுங்கின.

ஐம்பதில் வருபவனுக்கு அறுபத்தைந்து வேண்டும்.
அதில் முப்பத்தைந்து, பிரேக்கில் கால் படுமுன்னே போய்விடும்.
எல்லாருக்கும் இரண்டரை விநாடி ஒதுக்கியிருக்கிறார்கள்:
காண, நம்ப, காலைத் தூக்க.
நம்பத்தான் கூட நேரம் எடுக்கும் என்று நினைக்கிறேன்.

டிப்பர்க்காரன் ஒருவன் நிறுத்திச் சிரித்தான்.
"நான் உதை எழுபதில எடுக்கிறனான்.
இரவில எதிர் லைற் தெரியும்தானே அக்கா."
உண்மை. வெளிச்சம் முன்னே ஓடிவந்து
தேக்கமரங்களில் சொல்லிவிடும்.
லைற் இல்லாத சைக்கிளுக்காக
யாரும் முன்னே ஓடி வருவதில்லை.

மதில் இரண்டு மீற்றர் முப்பது உள்ளே போனால் சரி.
நேசமலர் சீமெந்துக் கையோடு வந்தா.
சூரிச்சில் இருந்து தம்பி அனுப்பின காசு.
கல் ஒன்று எவ்வளவு என்பது அவவுக்கு மனப்பாடம்.
"புதுக்குடியிருப்புக்குத் தள்ளினாங்கள், போனன்.
வலைஞர்மடம் போனன். பிறகு முகாமுக்கும் போனன்.
இனி ஒருக்கா றோட்டு தள்ளிப் போகட்டும், தங்கச்சி."

சமன்பாட்டைத் திருப்பிப் போட்டேன்.
மதில் நகராவிட்டால் வேகம் நகரவேண்டும்.
பின்னாலிருந்து வந்தால், நாற்பது.
அதற்கும் ஐம்பது மீற்றர் தேவை,
இருப்பது நாற்பத்தொன்பது.
ஒரு மீற்றர் கடன்.

செவ்வரத்தையைக் காட்டினேன்.
முகத்தைச் சுழித்துக்கொண்டு
கத்தியெடுத்து ஒரு சாண் தறித்தா.
ஒரு சாணுக்கு ஒரு மீற்றர் வந்தது,
மேலே கொஞ்சம் மிச்சமும்.

மறு நுனியைப் பிடித்திருந்த நேசமலர் கேட்டா:
"நாப்பதில வந்தா என்ர ஆட்டைக் காணுவானோ?"
"காணுவான்."
"நிப்பாட்டுவானோ?"

அதற்கான தூரம் கைநூலில் இருக்கிறது.
நாடாவைச் சுற்றும்போது பார்த்தேன்,
அவவின் கைச் சீமெந்து பட்டுக் காய்ந்து
முப்பத்தோராம் மீற்றரை
வாசிக்க முடியவில்லை.